டிவிடியில் மங்கிய முகம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில், விஜிதரன் ஒரு வீடியோக் கடை வைத்திருந்தான். பொங்கல் கழிந்த கிழமை ஒரு பெண் படியேறி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பென்ட்ரைவை மேசையில் வைத்தாள்.

“இத டிவிடியில போட்டுத் தாங்க தம்பி. பொலிசுல பென்ட்ரைவ் எடுக்க மாட்டாங்களாம். டிவிடின்னா ஃபைலோட சேத்துக்குவாங்களாம்.”

அவள் பெயர் காளியாயி. கார்த்திகை மழையில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத்தில் அவர்களுடைய வரிசை வீடுகளான லயம் மண்ணுக்குள் போனபோது, அவள் பிள்ளைகளோடு தோட்டத்துக் கோயிலில் ஒதுங்கியிருந்தாள். மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போன கணவன் பொன்னையா வரவேயில்லை. உடலும் அகப்படவில்லை. பொங்கலுக்கு நுவரெலியாவில் அண்ணன் வீட்டுக்குப் போன இடத்தில்தான் இந்தப் பதிவைப் பார்த்தாள். தங்கச்சியின் தோட்டத்தை டிவியில் காட்டுகிறார்களே என்று அண்ணன் மலை சரிந்த நாளின் செய்தியைப் பதிந்து வைத்திருந்தார். அதில் நீலக் கம்பளிச்சட்டை போட்ட ஒரு ஆளை நாலு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆளின் கை அசைகிறது, சேறு படிந்த முகம் ஒரு நொடி தெரிந்து மறைகிறது.

“அவருதாங்க. அந்தச் சட்ட நான் வாங்கிக் குடுத்தது. உசுரோட ஏத்திட்டுப் போயிருக்காங்க. எங்கன்னு தேடிக் குடுத்தா போதும்.”

விஜிதரன் அவளை உட்காரச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினான். கல்யாணக் கசெட்டுகளை டிவிடியாக்கிப் பழகிய கைதான். பெரிய தெளிவில் பதிந்த படத்தைச் சிறிய டிவிடிக்குள் சுருக்குவது அதைவிடச் சுலபம். முடிந்ததும் கடையிலிருந்த டிவியில் போட்டுக் காட்டினான்.

காளியாயி டிவிக்குக் கிட்டப் போனாள். பிறகு இன்னும் கிட்டப் போனாள்.

“மூஞ்சியே இல்லையே தம்பி. அழிச்சிட்டீங்களா?”

“நான் ஒண்ணும் அழிக்கலக்கா. டிவிடி இவ்வளவுதான் புடிக்கும். அண்ணன் வீட்டுல பெரிய டிவியில தெளிவா பாத்திருப்பீங்க. இதுல தூரத்து மூஞ்சியெல்லாம் சேறாத்தான் தெரியும்.”

“சேத்தக் காட்டி பொலிசுல என்னத்தப் பேசுறது?”

அது நியாயம்தான். ஆள் வரும் இடத்தை மட்டும் வெட்டி, அந்தத் துண்டைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் போட்டால் முகம் தப்பும் என்று அவனுக்குத் தோன்றியது. மூலப் பதிவைக் கொம்பியூட்டரில் திறந்து, ஸ்ட்ரெச்சர் கமராவைக் கடக்கும் நொடியில் நிறுத்தி, பெரிதாக்கினான். நெற்றியில் சேறு. வலப்பக்கம் இரத்தம். அரும்பு மீசை. கண்கள் திறந்திருந்தன.

“பாருங்கக்கா, இப்பத் தெரியுதா?”

திரும்பிப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

“இது அவரில்ல. இது யோகேசு.”

“யாருக்கா?”

“லயத்துல பக்கத்துக் காம்பரா சீதாலெட்சுமி அக்கா மகன், யோகேஸ்வரன். அக்காவும் நானும் ஒரே நாள்லதான் ரோட்டோரத்துல இந்த மாதிரி ரெண்டு சட்ட வாங்குனோம். ஆனா யோகேசப் பொதச்சாச்சே தம்பி. மண்ணத் தோண்டயில கெடச்ச ஒடம்புக்கு மூஞ்சி இல்ல. சட்டயப் பாத்துத்தான் அக்கா எம்புள்ளன்னு விழுந்து அழுதா. நானுந்தான் கூட நின்னு மண்ணள்ளிப் போட்டேன்.”

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். யாருக்கு மண்ணள்ளிப் போட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நாற்காலியில் உட்காரப் போய், தரையில் உட்கார்ந்தாள்.

விஜிதரன் கீழே போய்த் தேத்தண்ணி வாங்கி வந்து கொடுத்தான். அவள் குடிக்கவில்லை.

“அக்கா, நான் மொதல்ல போட்ட டிவிடி அப்படியே இருக்கு. அதுல யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இத நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல.”

அவள் மங்கலாக ஓடிக்கொண்டிருந்த டிவியையே வெகுநேரம் பார்த்தாள். அந்தப் படத்தில் பொன்னையா இன்னும் உயிரோடுதான் இருந்தான்.

“எம்புருசன் போயிட்டாரு,” என்றாள் கடைசியில். “அவ புள்ள எங்கயாவது கெடந்தா? தெளிவா இருக்கிறதப் போடுங்க. அதோட நீங்களும் வாங்க. நான் வெறும் வாயால சொன்னா அக்கா என்ன அடிச்சே கொன்னுடுவா.”

பெரிதாக்கிய துண்டை டிவிடியில் போட்டு, கடையைப் பூட்டிவிட்டு, லெப்டொப்பையும் எடுத்துக்கொண்டு, விஜிதரன் அவளோடு ஓட்டோவில் போனான். லயத்துச் சனங்கள் தோட்டத்துப் பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். சீதாலெட்சுமி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காளியாயி அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள். விஜிதரன்தான் லெப்டொப்பை ஒரு பெஞ்சின்மேல் வைத்துப் படத்தை ஓடவிட்டான்.

சீதாலெட்சுமி ஈரக்கையோடு திரையைத் தொட்டாள்.

“கையத் தூக்குறானே! எம்புள்ள கையத் தூக்குறானே!”

அன்றைக்கே மூவரும் டிவிடியோடு பொலிசுக்குப் போனார்கள். விஜிதரன் சிங்களத்தில் எடுத்துச் சொன்னான். அங்கிருந்த சார்ஜன்ட் படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, நல்ல மனிதர், அப்போதே நாலைந்து இடத்துக்கு போன் எடுத்தார். மறுநாள் தகவல் வந்தது. பாதைகள் உடைந்து கிடந்ததால் அந்த ஆளைத் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தலையில் அடிபட்டுப் பேச்சில்லை. பெயர் தெரியாதவர் என்று எழுதி வைத்திருந்தார்கள். தேடி ஒருவரும் வரவில்லை. மார்கழி நடுவில் செத்துப்போனான். ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்திருந்த படம் யோகேஸ்வரனுடையதுதான். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள்.

மார்கழி நடுவில்தான் சீதாலெட்சுமி மகனுக்குக் கருமாதி செய்திருந்தாள்.

“உசுரோட கெடந்த புள்ளைக்கு எள்ளுந்தண்ணியும் எறச்சிட்டேனே,” என்று பொலிஸ் வாசலிலேயே நெற்றியில் அறைந்துகொண்டாள். தாங்கிப் பிடிக்க வந்த காளியாயியைத் தள்ளிவிட்டாள். “நீ ஏன்டி வந்து சொன்ன? மண்ணுக்குள்ள அன்னைக்கே போயிட்டான்னு இருந்தேனே. இப்ப தெனந்தெனமும் அங்க தனியா கெடக்கானே!”

அதற்குப் பிறகு ஒரே மண்டபத்தில், சேலை கட்டி மறைத்த அடுத்தடுத்த இடத்தில் படுத்தும், இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நீதிமன்றத்தில் அந்த டிவிடியையும் ஆஸ்பத்திரிப் படத்தையும் வைத்து, புதைத்த உடலைத் தோண்டிப் பரிசோதித்து, அது பொன்னையாதான் என்று பெயரை மாற்றினார்கள். பொன்னையாவுக்குக் காளியாயி சடங்கு செய்தாள். மண்டபத்தில் இருந்த எல்லாரும் வந்தார்கள். சீதாலெட்சுமி மட்டும் வரவில்லை. காளியாயி காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகத் தொடங்கினாள். மலையில் கொழுந்தெடுக்கும்போதும் இருவரும் வேறு வேறு நிரையில் நின்றார்கள்.

சித்திரை வருசப் பிறப்பு முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சீதாலெட்சுமி சேலைத் தடுப்புக்கு வெளியே வந்து நின்றாள். மெலிந்திருந்தாள்; கண் உள்ளே போயிருந்தது.

“காளி, அந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவன் கெடந்த கட்டிலப் பாக்கணும். எனக்குச் சிங்களமும் வராது, தனியாப் போகவும் தெம்பில்ல. நீ வர்றியா?”

காளியாயி முகத்தைக் கழுவிக்கொண்டு புறப்பட்டாள். ஹட்டனில் பஸ் மாறி, வழியில் எதுவும் சாப்பிடாமல் போய்ச் சேர்ந்தார்கள். காளியாயி தெரிந்த சிங்களத்தில் கேட்டுக் கேட்டு வார்டைக் கண்டுபிடித்தாள். ஒரு நேர்ஸ் ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினாள். அதில் வேறொரு பையன் காலில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தான். பக்கத்தில் அவனுடைய அம்மா தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

சீதாலெட்சுமி கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா ஏதோ சிங்களத்தில் கேட்டாள்.

“என்னா கேக்குறா?” என்றாள் சீதாலெட்சுமி.

“யாரத் தேடுறீங்கன்னு கேக்குறா அக்கா.”

“நீயே சொல்லு.”

காளியாயி சொன்னாள். அந்த அம்மா பழத்தை வைத்துவிட்டு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சீதாலெட்சுமி பக்கம் நகர்த்தினாள்.