ஒன்பதாம் இடத்தில் இருந்தவர்

மகன் சுபாங்கனுக்குக் கலியாணம் பேசுவதற்காகச் சாதகம் கணித்த கிழமையே, சனி பகவான் டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்டில் மனோரஞ்சிதத்தின் வீட்டுக்கு வந்து, அவள் கணவர் சிறீஸ்கந்தராசாவின் கதிரையில் அமர்ந்தார். கறுத்த ஆள், ஒரு கால் சற்று இழுக்கும், கருநீல மழை அங்கி. யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் தொலைபேசியில் சொல்லிவைத்திருந்தபடியால் வீட்டில் யாரும் திகைக்கவில்லை. ஒன்பதாம் இடம் தகப்பனுக்குரியது, அதில் சனி இருக்கிறார், தகப்பனுக்குக் கூடாது என்பது அவர் கணிப்பு. பகவானும் சொன்ன இடத்தில்தான் வந்து இருந்தார். சிறீஸ்கந்தராசா முகம் கோணாமல் சோபாவுக்கு மாறிக்கொண்டார்.

இன்று நினைத்துப் பார்த்தால் அந்த இரண்டு குளிர்காலங்கள்தான் அந்த வீட்டின் பொற்காலம். முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கு நாலாவது ஆள் தானாக வந்து சேர்ந்தார். தகப்பனும் பகவானும் ஒரு பக்கம், தாயும் மகனும் மறு பக்கம். பகவான் ஒரு சீட்டைப் போடுவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். அந்த இடைவெளியில் சிறீஸ்கந்தராசா பால்கனிக்குப் போய் சிகரெட் பற்றவைப்பார். டாக்டர் எச்சரித்ததை மனோரஞ்சிதம் நினைவூட்டினால், "கடைசி ஒண்டு, ரஞ்சி" என்பார். மகன் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பின்னாளில் எத்தனையோ தடவை ஏங்கியிருக்கிறாள்.

இரண்டாவது மார்கழியில் சிறீஸ்கந்தராசா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டுக்கு வந்த சனத்திடம் மனோரஞ்சிதம், "பெடியன்ரை சனிதான் மனிசனைக் கொண்டு போனது" என்றாள். தேத்தண்ணித் தட்டோடு பின்னால் நின்ற சுபாங்கனுக்கு அது கேட்டுவிட்டது. தூரத்து ஹோர்சன்ஸ் நகரில் ஒரு பொருட்களஞ்சியத்தில் வேலை தேடிக்கொண்டு போனவன், பிறகு வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிறந்தநாளுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், அதுவும் டேனிஷில். முதியோர் இல்லத்து வேலை முடிந்து வரும் மனோரஞ்சிதத்துக்கு, கதிரையில் இருந்த பகவானை விட்டால் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. வருடங்கள் அப்படியே போயின.

சூரியன் உச்சிக்கு வந்தால்தான் பகவான் எள்ளுச்சோற்றில் கை வைப்பார். போன ஐப்பசியில், மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பும் ஞாயிற்றுக்கிழமை, முதல்நாள் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் பன்னிரண்டுக்கே சாப்பிடக் கைகழுவிவிட்டு வந்திருந்தார். வருடாவருடம் நடப்பதுதான். ஆனால் அன்று அவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சூரியன் மாறவில்லை, மணிக்கூடுதான் மாறியது. சுபாங்கன் இந்த நாட்டில், ஸ்கீவ என்ற ஊரில் பிறந்தது ஆடி மாதம். ஆஸ்பத்திரிச் சுவர் மணிக்கூட்டில் பார்த்து அவள் சாத்திரியாருக்குச் சொன்ன நேரம், கோடைகாலத்துக்காக ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவைத்த நேரம்.

அவள் அழைத்து அதைச் சொல்ல, சாத்திரியார் திரும்பக் கணித்தார். "சனி ஒன்பதிலை இல்லை, தங்கச்சி. பத்திலை. அது தொழிலுக்குரிய இடம். தகப்பனுக்கு ஒரு குறையும் இல்லை."

"அப்ப என்ரை மனிசன் ஏன் செத்தவர்?"

கேட்டுவிட்டு அவளே தொலைபேசியை வைத்துவிட்டாள். அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. அடைத்துக் கிடந்த இரத்தக்குழாயை டாக்டர் படத்தில் காட்டியபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். அது கண்ணால் கண்டது. மற்றது ஒருவர் சொல்லக் கேட்டது. அவரும் அன்று ஒன்று சொன்னார், இன்று வேறொன்று சொல்கிறார், இரண்டையும் அதே உறுதியோடு. கண்டதை விட்டுவிட்டுக் கேட்டதைப் பிடித்துக்கொண்டு பெற்ற பிள்ளையைத் தொலைத்தேனே என்று வாய்விட்டு அழுதாள். பிறகு ஹோர்சன்ஸில் இருந்த மகனுக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பான்ரை நெஞ்சு அடைச்சிருந்தது எனக்குத் தெரியும், தம்பி. உன்னாலை எண்டது நான் நம்பினது மட்டும்."

சுபாங்கன், "நானும் நம்பிப்போட்டன், அம்மா" என்றான்.

பகவான் எழுந்து, அங்கியை மாட்டிக்கொண்டு, ஹோர்சன்ஸ் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். இப்போது அவருக்கு சுபாங்கனின் களஞ்சியத்தில்தான் வேலை. பெட்டிகளை மெல்லத்தான் அடுக்குவார், பிழை விடமாட்டார், தொழிற்சங்கச் சந்தாவும் ஒழுங்காகக் கட்டுகிறார்.

மார்கழியில், நத்தார் பண்டிகை விடுமுறையன்று, மனோரஞ்சிதம் கதவைத் திறந்தபோது மகன் நின்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே படியில் யாரோ காலை இழுத்து இழுத்து ஏறும் சத்தம் கேட்டது.

"கதவைச் சாத்தாதேங்கோ, அம்மா. அவர் ஆறுதலா, மெல்லத்தான் வருவார்."

குளிர் உள்ளே வந்தது. இருவரும் வாசலிலேயே காத்து நின்றார்கள்.