இருநூறு பாகையில் ஒரு காணிப் பெமிற்

முத்துலிங்கம் சேர் கல்விப் பணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்று நான்கு வருடமாகிறது. பரந்தனிலுள்ள அவருடைய வீட்டுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. உப்புப் போத்தல் மேசையில் எந்தப் பக்கம் இருக்க வேண்டுமென்பதற்குக்கூட அவர் சுற்றறிக்கை விடுவார், வாய்மொழியாக. விறாந்தைச் சுவரில் அவருடைய சான்றிதழ்கள் பதினொன்று, கண்ணாடிச் சட்டத்துக்குள், வருகிறவர்கள் வாசிக்கத் தோதான உயரத்தில் தொங்கின.

அன்று காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் காணி நடமாடும் சேவை. மனைவி விமலேஸ்வரி தன் பெயரிலுள்ள காணி அனுமதிப்பத்திரத்தை, அதாவது பெமிற்றைக் கொண்டுபோய்க் காட்டினால், இரண்டு ஏக்கர் வயலுக்கு இந்த வருடமே நிரந்தர அளிப்புப் பத்திரம். மூலப்பிரதிதான் வேண்டும் என்று கடிதத்தில் கோடிட்டு எழுதியிருந்தார்கள்.

“நீர் குளிச்சு வெளிக்கிடும். காலைச் சாப்பாடு இண்டைக்கு என்ரை பொறுப்பு,” என்றார் சேர்.

கிணற்றடிக்குப் போக வாளியைத் தூக்கிய விமலேஸ்வரி அப்படியே நின்றாள். முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவர் குசினிக்குள் வந்தது ஒரே ஒரு முறை. அதுவும் பாம்பு புகுந்தபோது, வாங்கின்மேல் ஏறி நின்று அவளுக்கு ஆலோசனை சொல்ல.

“உங்களுக்கு அடுப்பு மூட்டத் தெரியுமே?”

“அடுப்பே தேவையில்லை. வந்து பாரும்.”

கடையில் பாண் வாங்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

சேர் நினைத்திருந்தது பாண் அல்ல, பான் கேக். முதல் நாள் மாலை கைத்தொலைபேசியில் ஒரு செய்முறை பார்த்திருந்தார். ஒவ்வொன்றாகச் சுட்டுப் பிரட்டும் தொல்லை கிடையாது. கரைசல் முழுவதையும் ஒரே தட்டில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளினால் இருபது நிமிடம். ஓவனும் வீட்டில் இருந்தது. மகள் யதுர்ஷிகா கனடாவிலிருந்து வந்து நின்றபோது வாங்கிக் கொடுத்தது. இரண்டு வருடமாகியும் அதன் கண்ணாடிக் கதவை மறைத்து ஒட்டியிருந்த விளம்பரத் தாள் உரிக்கப்படவில்லை. உரித்தால் சாமான் பழசாகிவிடுமல்லவா.

செய்முறையின் முதலாவது படி: ஓவனை இருநூறு பாகையில் பத்து நிமிடம் வெறுமையாகச் சூடாக்குக. சேர் திருகினார். கதவைத் திறந்து உள்ளே பார்க்கும்படி அதில் இல்லை. சொல்லாததைச் செய்கிற பழக்கம் அவருடைய சேவைக்காலத்திலேயே இருந்ததில்லை. பிறகு கோதுமை மா, முட்டை, பால், சீனி எல்லாவற்றையும் அளந்து ஒரு சட்டியில் போட்டு அடித்தார்.

ஆறாவது நிமிடத்தில் ஒரு நாற்றம் கிளம்பியது. புது ஓவன் முதன்முறை சூடாகும்போது மணக்கும் என்று செய்முறைக்காரி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். சேர் அறிந்தவரின் புன்னகையோடு யன்னலைத் திறந்துவிட்டார்.

ஈரத் தலையோடு விமலேஸ்வரி குசினி வாசலுக்கு வந்தாள்.

“என்னத்தை உள்ளை வைச்சனியள்?”

“இன்னும் ஒண்டும் வைக்கேல்லை. வெறும் ஓவனைத்தான் சூடாக்கிறன். அதுதான் முறை.”

அவள் வயரைப் பிடுங்கினாள். தலையில் சுற்றியிருந்த துவாயைக் கழற்றிக் கையில் பிடித்துக் கதவை இழுத்தாள். புகை வந்தது. அதற்குப் பின்னால், கம்பித் தட்டின் இடுக்குகளில் பச்சை நிறத்தில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. உருகிப்போன ஒரு புடவைக்கடைப் பொலித்தீன் பை. அதற்குள் லமினேற் செய்த கடதாசி ஒன்று கருவாட்டைப்போல் சுருண்டு கிடந்தது.

சேரின் கையில் கரண்டி அப்படியே இருந்தது. கரைசல் அவர் உடுத்திருந்த சாரத்தில் வடிந்தது.

“அது… என்னது?”

“பெமிற்.”

“ஓவனுக்குள்ளை ஆரப்பா பெமிற் வைக்கிறது?”

“போன மாரிக்கு அலுமாரியைக் கறையான் திண்டது. றங்குப்பெட்டி கறள் பிடிச்சு ஓட்டை. இது இரும்பு, எலியும் போகாது. குசினி வாசலோடை இருக்குது. ஓட வேண்டி வந்தால் கையிலை எடுக்கலாம்.”

“இப்ப ஆர் ஓடச் சொன்னது?”

“முந்தியும் ஒருத்தரும் சொல்லிப்போட்டு ஓடேல்லை.”

அந்தக் கடதாசியைக் கடைசிச் சண்டைக் காலத்தில் விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் அங்கிருந்து கடற்கரைக்கும் வயிற்றோடு கட்டிக்கொண்டு போனவள் அவள். செட்டிகுளம் முகாமில் அதைத் தலைக்குக் கீழே வைத்துப் படுத்தாள். செல்லடிக்குத் தப்பியது, மழைக்குத் தப்பியது. சுகமான காலைச் சாப்பாட்டுக்குத் தப்பவில்லை. விறாந்தையில் பதினொரு சான்றிதழ்களும் மிக நலமாக இருந்தன.

அவள் அந்தச் சுருளைத் துவாயில் சுற்றினாள். இருவரும் ஒன்றும் சாப்பிடாமல் போனார்கள்.

மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் பிரஷாந்தினி சேரின் பழைய மாணவி. எழுந்து நின்றாள். துவாயை விரித்துக் காட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு அவள் ஒரு படிவத்தை எடுத்தாள். ‘மூலப்பிரதி அழிந்த காரணம்’ என்ற இடத்தில், யாரையும் கேளாமலே, அவளுடைய பேனை ‘யு’ என்று தொடங்கிவிட்டது. அந்த மேசையில் அன்று காலை அதே சொல்லைப் பதினைந்து தடவை எழுதியிருந்தாள்.

“ஓம் பிள்ளை,” என்றார் சேர், அவசரமாக. “யுத்தம் எண்டே போடும். எல்லாருக்கும் அதுதானே.”

“இல்லைப் பிள்ளை. அதை வெட்டும்,” என்றாள் விமலேஸ்வரி. “சண்டை இதைத் தொடேல்லை. நான் தொட விடேல்லை.”

பிரஷாந்தினி கோப்பைப் புரட்டினாள். “ஓம் அன்ரி. போன வருசமும் கொண்டுவந்து காட்டியிருக்கிறியள், கொப்பி கிடக்குது. காணி எங்கையும் போகாது, பயப்பிடாதேங்கோ. ஆனால் இந்த முறை அளிப்புப் பட்டியலிலை பேர் வராது. மாற்றுப் பிரதி எடுக்கவே ஆறேழு மாசம் செல்லும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அழிச்ச ஆள் பொலிசிலை முறைப்பாடு போட்டு, சமாதான நீதவானுக்கு முன்னாலை சத்தியக்கடதாசியும் குடுக்க வேணும். ஆர் அன்ரி அழிச்சது?”

விமலேஸ்வரி பக்கத்துக் கதிரையைப் பார்த்தாள்.

முப்பது வருடமாக மற்றவர்களுடைய விளக்கக் கடிதங்களில் சிவப்பு மையால் கோடிட்ட சேர், தன்னுடையதற்கு வாய் திறந்தார். முதல் வசனம் மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் நின்றது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

“நான்தான், பிள்ளை,” என்றார் கடைசியில். “பான் கேக்குக்கு ஓவனைச் சூடாக்கினனான்.”

பிரஷாந்தினி ‘யு’வை வெட்டினாள். “பான் கேக் சுட்டபோது எரிந்தது எண்டு எழுதட்டே, சேர்?”

“சுட்டதெண்டு எழுதாதை பிள்ளை,” என்றாள் விமலேஸ்வரி. “மா இன்னும் சட்டிக்குள்ளைதான் கிடக்குது.”