சந்தனம் இட்ட பென்டிரைவ்

ஸ்ரீரங்கத்தில் வடகலையா தென்கலையா என்று யாராவது பேச்செடுத்தால் கோபு எழுந்து போய்விடுவார். நெற்றியில் இடுகிற கோட்டுக்காக மனுஷன் மனுஷனோடு பேசாமல் இருப்பதா, சுத்த அசட்டுத்தனம் என்பார். அப்படிப்பட்ட விசாலமான மனசுக்காரர், இன்ஷூரன்ஸ் ஆபீசில் பக்கத்து நாற்காலியில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்த சகாயநாதனோடு ஏழு மாதம் பேசாமல் இருந்தார். மகள் வாங்கிக் கொடுத்த ஆப்பிள் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கல்யாணப் பந்தியில் பெருமையடித்த சகாயநாதன், "நீ இன்னும் விண்டோஸை வெச்சுக்கிட்டுக் காலம் தள்றியா, பாவம்!" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ரசத்துக்குக்கூடக் காத்திராமல் கோபு கை அலம்பிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஏழு மாதத்துக்குள் கோபுவே விண்டோஸை விட்டு லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்துக்குப் போய்விட்டிருந்தார். அதனால் சமாதானம் ஆனதா என்றால் இல்லை. இரண்டு பக்கத்தையும் திட்டுவதற்கு அவருக்கு உரிமை கிடைத்ததுதான் மிச்சம்.

ரிடையரான ஐந்து வருஷத்தில் பதினைந்து தடவை சிஸ்டம் மாற்றியிருப்பார். லினக்ஸில்தான் எத்தனை வகை! ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்று, அதுவும் பிடிக்காவிட்டால் மூன்றாவது. இதற்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். எந்த சிஸ்டம் எத்தனை விநாடியில் விழித்துக்கொள்கிறது, எவ்வளவு மெமரி தின்கிறது, பிரிண்டரைக் கண்டுகொள்கிறதா என்றெல்லாம் கட்டம் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுவார். விழித்துக்கொண்ட பிறகு அதில் என்ன செய்வது என்பதற்கு மட்டும் நோட்டில் கட்டம் கிடையாது.

அந்த வீட்டில் கம்ப்யூட்டரில் ஏதோ வேலை செய்தது அவர் மனைவி சத்யபாமா. கலெக்டர் ஆபீசில் தமிழ் டைப்பிஸ்டாக இருந்து ரிடையரானவள். தினமும் இரண்டு மணிக்குக் கோபு கண்ணயர்ந்ததும் உட்காருவாள், நாலு மணிக்குக் காபி போட எழுந்துவிடுவாள். டைப்ரைட்டர் பழக்கத்தில் விரல் போகிற ஒரு பழைய தமிழ் ஃபான்ட் இருக்கிறது, அது விண்டோஸில்தான் ஒழுங்காக வரும். அதனால் கோபு இத்தனை நாளும் விண்டோஸை ஒரு மூலையில் விட்டுவைத்து, லினக்ஸைப் பக்கத்துப் போர்ஷனில் குடிவைப்பதும் காலி பண்ணுவதுமாக இருந்தார். "அப்படி என்னதான் அடிக்கறே?" என்று எப்போதோ ஒரு தடவை கேட்டதற்கு, "தளிகைக் குறிப்பு" என்றாள். சமையல் விஷயம்தானே என்று அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நாலு வருஷமாகக் கேட்கவில்லை.

இந்த அக்டோபரில் விண்டோஸ் பத்துக்கு ஆதரவு நிற்கிறது என்று அறிவிப்பு வந்தது. அடுத்ததான பதினொன்றுக்குப் போகலாமென்றால் கோபுவின் ஒன்பது வயது மெஷின் அதற்குத் தகுதியில்லை என்று திரையிலேயே சொல்லிவிட்டது. கோபுவுக்கு ஒரே குஷி. விண்டோஸை அடியோடு துடைத்துவிட்டு லினக்ஸை முழு வீட்டுக்கும் சொந்தக்காரனாக்குவது என்று முடிவு செய்தார். மனைவியின் ஃபான்டை அதிலும் எப்படியாவது வரவழைத்துவிடலாம் என்று நினைத்தார். புதுசாக எதையும் தொடங்க விஜயதசமியை விட நல்ல நாள் உண்டா?

முதல் நாள் சரஸ்வதி பூஜை. அவர்கள் வீட்டில் ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் புஸ்தகங்களை அடுக்குவது வழக்கம். கோபு அதன் பக்கத்தில் கீ போர்டு, மவுஸ், வெளி ஹார்ட் டிஸ்க், அந்த நீள நோட்டு எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார். அவர் பூ வாங்கப் போன சமயத்தில் சத்யபாமா ஒரு பென்டிரைவை அந்த வரிசையில் கொண்டுவந்து வைத்தாள். அதற்கும் ஒரு பொட்டு இட்டாள். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது என்பதால் வீடே நிம்மதியாக இருந்தது. கோபு சுண்டல் தின்றுகொண்டே மறுநாளுக்காகக் காத்திருந்தார்.

விஜயதசமியன்று ஏழரை மணிக்கு எமகண்டம் கழிந்தது. மறுபூஜை முடித்து, சாமான்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுக்களைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பாமா, எல்லாத்தையும் துடைக்கப் போறேன். உன்னோடது ஏதாவது இருக்கா?"

"உங்களைத் தெரியாதா எனக்கு? முந்தாநேத்தே தனியா காப்பி எடுத்து வெச்சாச்சு!"

லினக்ஸை ஏற்றி வைக்க ஒரு பென்டிரைவ் வேண்டும். அவருடையது அன்றைக்கென்று பார்த்துப் பழுதாகிப் படுத்துவிட்டது. பூஜை வரிசையில் பார்த்தார். பொட்டோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. நாம்தான் வைத்திருக்கிறோம் போல என்று நினைத்தார். பூஜையில் இருந்த பென்டிரைவ், விஜயதசமி, புது சிஸ்டம்: பொருத்தம் பார்த்துச் செய்தால்கூட இப்படி அமையாது. திறந்து பார்த்ததில் 'தளிகைக் குறிப்பு' என்று ஒரே ஒரு ஃபோல்டர் இருந்தது. அதைத்தான் தனியாகக் காப்பி எடுத்துவிட்டேன் என்கிறாளே! அழித்தார். முப்பது வருஷம் பாலிசிதாரர்களிடம் "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்கோ" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்த மனுஷன், அந்தக் காப்பி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு லினக்ஸ் வந்துவிட்டது. பத்தே முக்காலுக்கு அதன் எழுத்து கொஞ்சம் மெலிசாகத் தெரிவதாகத் தோன்றவே, அதையும் துடைத்துவிட்டு வேறு வகை லினக்ஸ் போட்டார். இது பன்னிரண்டு விநாடியில் விழித்தது. நோட்டில் குறித்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு சத்யபாமா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பூஜையில ஒரு பென்டிரைவ் வெச்சிருந்தேனே, பார்த்தேளா?"

கோபு பெருமையாக அதை நீட்டினார். "இதாலதான் இன்னிக்கு வேலையே நடந்தது!"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அது நாவல்," என்றாள்.

"எது?"

"தளிகைக் குறிப்புன்னு பேர் வெச்சா நீங்க திறந்து பார்க்க மாட்டேள்னுதான் அப்படி வெச்சேன். துப்பறியும் நாவல். பதிமூணு அத்தியாயம். மெட்ராஸ்ல ஒரு பதிப்பகத்துல போட்டி வெச்சிருக்கா. தீபாவளிக்கு முன்னாடி அனுப்பணும். நாலு வருஷமா எழுதினேன். ஆசையா எழுதினேன்."

"பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கப்படாதோ?" என்றார் கோபு. கேட்ட வாயைப் பிறகு அவரே பல நாள் திட்டிக்கொண்டார். அவள் எழுந்து போனாள். அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் காபி வரவில்லை.

மறுநாள் காலையிலேயே ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெருவில், அழிந்துபோன ஃபைல்களை மீட்டுத் தருகிற கடை வைத்திருந்தாள் வஹீதா. முப்பத்தைந்து வயது இருக்கும். கேள்வி கேட்பதில் டாக்டர் மாதிரி.

"அழிச்ச பிறகு டிஸ்க்ல புதுசா எதுவும் எழுதலையே சார்?"

"லினக்ஸ் போட்டேன்."

"சரி. அதுக்கப்புறம்?"

"அப்டேட் பண்ணினேன்."

"அப்புறம்?"

"பிடிக்கலை. அதைத் துடைச்சுட்டு வேற லினக்ஸ் போட்டேன்."

வஹீதா கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்தாள். "விஷம் குடிச்சவங்களைக் கூட்டிட்டு வர்றப்ப வழியில நிறுத்தி இன்னும் ரெண்டு டம்ளர் வாங்கிக் கொடுத்திருக்கீங்க சார். பார்ப்போம், அல்லா இருக்கான்."

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். டிஸ்கிலிருந்து ஆயிரக்கணக்கில் துண்டுகள் வந்திருந்தன. எதற்கும் பெயரில்லை, வரிசையில்லை. தமிழே அல்லாத ஏதோ இங்கிலீஷ் கிறுக்கலாகத் தெரிந்தன. கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்காக மூலையில் ஒரு பழைய விண்டோஸ் ஏழு கம்ப்யூட்டரை அவள் வைத்திருந்தாள். அதில் அந்தப் பழைய ஃபான்ட் இருந்தது. அங்கே திறந்தால்தான் கிறுக்கல் தமிழாகியது. கோபுவின் நோட்டில் 'காலாவதி' என்று ஒரே வார்த்தையில் அடித்துவிட்டிருந்த சிஸ்டம் அது.

"எது நாவல், எது மத்தது, எதுக்கப்புறம் எதுன்னு எனக்குத் தெரியாது சார். நீங்கதான் உட்கார்ந்து படிச்சுப் பொறுக்கணும்."

கோபு படித்தார். நாலு நாள், காலை பத்து மணி முதல் சாயங்காலம் ஐந்து வரை, மின்விசிறிக்குக் கீழே ஒரு ஸ்டூலில். சத்யபாமா எழுதிய எதையும் அவர் அதற்கு முன் படித்ததில்லை, கடைச் சாமான் லிஸ்ட் தவிர.

கதை ஸ்ரீரங்கத்தில் நடந்தது. பத்மநாபன் என்று ஒரு ரிடையர்டு ஆசாமி முதல் அத்தியாயத்திலேயே கம்ப்யூட்டர் முன்னால் செத்துக் கிடந்தார். கையில் கடிகாரம், பக்கத்தில் கட்டம் போட்ட நோட்டு. கோபு சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். ஆபீசில் இருந்தவரைக்கும் ஃபைலை ஃபைலாகப் பார்த்துப் பழகியவர், எல்லாவற்றையும் உடனே சம்பந்தப்படுத்திவிடக் கூடாது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். மூன்றாம் அத்தியாயத்தில் பத்மநாபன் கல்யாணப் பந்தியில் ரசத்துக்கு முன்னால் எழுந்து போனது வந்தது. அதற்கு மேல் சமாதானப்படுத்திக்கொள்ள வழியில்லை.

வேலைக்கு நடுவே வஹீதாவும் பின்னால் நின்று படிக்கத் தொடங்கியிருந்தாள். பத்மநாபன் வருகிற இடத்திலெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்த ஆளை ஒரு தடவை கொன்னது பத்தாது சார்! எழுதினது யாரு?"

"தெரிஞ்சவா," என்றார் கோபு.

ஒன்பதாம் அத்தியாயத்தில் போலீஸ்காரர் கம்ப்யூட்டரை முழுக்கச் சோதிக்கிறார். ஒரு கடிதம் இல்லை, ஒரு போட்டோ இல்லை, யாருக்கும் ஒரு வரி எழுதியதில்லை. பத்மநாபனின் மனைவியிடம், "இவ்வளவு வருஷமா உங்க வீட்டுக்காரர் இதுல என்னதான் பண்ணிட்டு இருந்தார்?" என்று கேட்கிறார். அவள் சொல்கிறாள்: "தயார் பண்ணிண்டிருந்தார்."

"எதுக்கு?"

"அதை அவர் சொன்னதில்லை. நானும் அவர் தயாராகட்டும்னு காத்துண்டிருந்தேன்."

வஹீதா இந்த இடத்தில் சிரிக்கவில்லை. கோபுவுக்கு முகம் சுட்டது. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேல் இவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாளே என்று பெருமையாகவும் இருந்தது. மூன்றையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பத்தாம் அத்தியாயத்தைத் தேட உட்கார்ந்தார்.

பன்னிரண்டு அத்தியாயம் கிடைத்தது. பதிமூன்றாவது, கொலைகாரன் பிடிபடுகிற கடைசி அத்தியாயம், கிடைக்கவே இல்லை. அது இருந்த இடத்தில்தான் இரண்டாவது லினக்ஸ் போய் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கோபு செய்த முதல் காரியம், பழைய விண்டோஸ் பத்தைத் திரும்பப் போட்டது. இது பதினெட்டாவது தடவையோ பத்தொன்பதாவதோ. எத்தனை விநாடியில் விழித்தது என்று பார்க்கவில்லை. ஃபான்டைப் போட்டு, பன்னிரண்டு அத்தியாயத்தையும் ஏற்றி, மூன்று பென்டிரைவில் காப்பி எடுத்து, ஒரு கட்டு பிரிண்டும் எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"கடைசி அத்தியாயம் மட்டும் போயிடுத்து பாமா. என் தப்புதான். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கு. நீ எழுது, தளிகையை நான் பார்த்துக்கறேன்."

சத்யபாமா பிரிண்டைப் புரட்டினாள். வரிசை சரியாக இருந்தது.

"எல்லாத்தையும் படிச்சேளா?"

"படிச்சேன்."

பத்மநாபனைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று இரண்டு பேருமே எதிர்பார்த்தார்கள்.

"ரொம்ப நன்னா இருக்கு," என்றார் கோபு. அது மனசிலிருந்து வந்தது. அவள் கண் சட்டென்று நிறைந்துவிட்டது, திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. "கொலை பண்ணினது யாரு? ஃபைலை மீட்டுக் கொடுத்த கடைக்காரப் பொண்ணுகூடக் கேட்டுண்டே இருக்கா."

"பக்கத்தாத்து வைத்தியர்னு எழுதியிருந்தேன்."

"எழுதியிருந்தேன்னா?"

"இப்ப மாத்தறேன்." கீ போர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆரம்பத்துல ஆம்படையாள்தான் கொன்னான்னு எழுதணும்னு நினைச்சேன். ஆனா எவ்வளவு யோசிச்சும் சரியான காரணம் அமையலை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஒருத்தி புருஷனைக் கொல்லுவான்னு படிக்கறவா கேப்பான்னு விட்டுட்டேன்."

"இப்ப?"

"இப்ப யாரும் கேக்க மாட்டா," என்றாள் சத்யபாமா. "கதவைச் சாத்திண்டு போங்கோ."