பதினேழாம் இலக்க மீனின் தலை

ஒன்பதாம் நிபந்தனையை எழுதியவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஸ்ரீஸ்கந்தராஜா ஒளித்துவிட்டான் என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

1992இல் நான் லண்டனில் ஆறுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கந்தோரில், அனுமதிப்பத்திரப் பிரிவில் இருந்தேன். தேம்ஸ் ஆற்றில் எப்போதோ அழிந்துபோன சால்மன் மீனைத் திரும்பக் கொண்டுவர வெள்ளைக்காரர் தலைகீழாக நின்றுகொண்டிருந்த காலம். கடலிலிருந்து ஆறேறி வருகிற சொற்ப மீன்களைப் பொறியில் பிடித்துத் தொட்டியில் வைப்பார்கள். முட்டை எடுத்து, குஞ்சு பொரிக்கவைத்து, மறுபடி ஆற்றில் விடுவார்கள். அதற்கு எங்கள் அனுமதி வேண்டும். ஒரு பொரிப்பகம் இருபத்துநான்கு பெரிய மீன் வைத்திருக்கலாம், அதற்கு மேல் ஒன்றுகூட ஆகாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம்.

மீன் செத்தால் உடம்பை எரித்துவிட்டு, தலையை இலக்கமிட்ட பையில் உறையவைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும் என்பது எட்டாம் நிபந்தனை. குஞ்சாக ஆற்றில் விடும்போதே அதன் மூக்குக்குள் ஒரு சின்னக் கம்பித்துண்டை ஏற்றியிருப்பார்கள். எந்த வருடம், எந்த ஓடையில் விட்ட மீன் என்பதெல்லாம் அந்தக் கம்பியில் இருக்கும். ஒரு தலை குறைந்தாலும் அனுமதி ரத்து, தொட்டியிலுள்ள மீன், முட்டை எல்லாவற்றையும் அழிக்கவேண்டும் என்பது ஒன்பது. மீன் கள்ளமாக விலைப்படாமல் இருக்க நான் யோசித்து எழுதியது. மேலதிகாரி மிஸஸ் ஹாலம் வாசித்துவிட்டு "வெரி குட், ஸ்ரீ" என்றாள். பதினெட்டு வருடத்தில் என் பெயரின் முதல் எழுத்தைத் தாண்டி அங்கே ஒருவரும் போனதில்லை.

ஹம்ப்டன் பக்கம் இருந்த பொரிப்பகத்தில் பெனடிக்ற்றைச் சேர்த்துவிட்டதும் நான்தான். மன்னாரில் பேசாலைக்காரன், முப்பத்தைந்து வயது. மனைவி இம்மாகுலேற்றும் இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் நாலு வருடமாகக் கிடந்தார்கள். முதலில் பெற்றோல் ஸ்ரேஷன் ஒன்றில் நின்றவன், குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போய் அந்த வேலையைத் தொலைத்தான். அதை மனைவிக்கு மறைத்தும் வைத்தான். விஷயம் தெரிந்தபோது அவள், இன்னொரு பொய் சொன்னால் பிள்ளைகளோடு ஊருக்கே திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். ஊரென்றால் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்த ஊர். அன்றிலிருந்து அவன் ஒரு சொட்டும் தொடவில்லை.

குடும்பத்தைக் கூப்பிட, குடிவரவைப் பார்க்கும் ஹோம் ஒஃபிஸ் அவனிடம் கேட்டது நிரந்தர வேலைக்கு ஒரு கடிதம். டிசம்பர் பதினெட்டில் சோதனைக்காலம் முடியும், அன்றைக்கே கடிதம் தருகிறேன் என்று பொரிப்பக மனேஜர் சொல்லியிருந்தார். நான் பரிசோதனைக்குப் போகும் சனிக்கிழமைகளில் எல்லாம் அவன், இன்னும் இத்தனை நாள் இருக்கு அண்ணை என்பான். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அவன் வேலைசெய்வதைப் பார்க்கவேண்டும். பெரிய பெண் மீனை ஈரத் துவாயில் சுற்றி இடுக்கிக்கொண்டு, வயிற்றை மெதுவாக வழித்து முட்டையை எடுப்பான். ஒரு மீனுக்கும் காயம் வராது. பட்டம் பெற்ற வெள்ளைக்காரப் பெடியன்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை நான் போனபோது பதினேழாம் இலக்க மீன் செத்துக் கிடந்தது. முட்டை எடுத்த மறுநாள். பதினாலு இறாத்தல் இருக்கும். வெள்ளி மாதிரி மின்னியது.

அடுத்த நாள் என் வீட்டுக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வருகிறார்கள். பிளேஸ்டோவில் இரண்டு கடை வைத்திருக்கும் அம்பலவாணன். அவருடைய மகனுக்கு என் மகள் சிவமலரைக் கேட்டு வருகிறார். எங்கள் வீடுகளில் மீன் சமைத்தால் தலை யாருடைய சாப்பாட்டுக் கோப்பையில் விழுகிறது என்பதில்தான் மரியாதை இருக்கிறது. மீன் தலையில் வாயை வைத்தால் மனுஷன் உலகத்தையே மறந்துவிடுவார் என்று தரகர் காதில் போட்டிருந்தார்.

"பெனடிக்ற், உதை ஒரு பேப்பரிலை சுத்தித் தாரும்."

"உடம்பை எண்டாலும் பரவாயில்லை அண்ணை. தலையை மட்டும் கேளாதையுங்கோ."

"தலையில்லாமல் சம்பந்திக்கு முண்டத்தையோ வைக்கிறது?"

"மருந்துத் தண்ணியிலை கிடந்த மீன். தின்னக்கூடாது எண்டு எழுதியிருக்கு."

"எழுதினவனே நான்தான். கணக்குப் பாக்கிறதும் நான்தான். வேறை ஒரு தலை வாங்கித் தாறன், அந்தப் பையிலை போட்டு இலக்கத்தை எழுதிக் கையெழுத்து வையும். மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

அவன் மீனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வேலை எடுத்துக் கொடுத்தவனுக்கு இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. அது தெரிந்துதான் கேட்டேன். அவன் இரண்டு மடிப்புப் பேப்பரில் மீனைச் சுற்றி, கொழுவிப் பிடிக்கச் சணல் கயிறும் கட்டித் தந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் இருந்த என் வீடு முழுக்கக் குழம்பு வாசம். என் மனைவி கலாவதி தலையைப் பிளக்காமல் முழுதாகவே பெரிய சட்டியில் வைத்து, அம்பலவாணனின் கோப்பையில் தானே தூக்கி வைத்தாள். மனுஷன் ஒரு மணித்தியாலம் பேச்சுமூச்சில்லை. கண், செவுள், மூக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆய்வுகூடம் தேடுகிற கம்பியும் அவர் வயிற்றுக்குள்தான் போயிருக்கும். கை கழுவிக்கொண்டு வந்து, "பிள்ளையை எங்களுக்குத் தாங்கோ" என்றார். தைமாதம் நாள் வைப்பதாக முடிவாயிற்று. எனக்கு அன்று நிலத்தில் கால் பாவவில்லை.

திங்கட்கிழமை டூட்டிங் சந்தையில் ஒரு சால்மன் தலை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெனடிக்ற் பையில் போட்டு, பதினேழு என்று எழுதி, கையெழுத்து வைத்தான். வைத்த கையோடு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். நான் பகிடி பண்ணினேன்.

பத்து நாளில் ஆய்வுகூடத்திலிருந்து கடிதம் வந்தது. பொறியில் பிடித்த அன்று பதினேழாம் மீனுக்குள் கம்பி இருப்பதாகக் கருவி சத்தம் போட்டிருக்கிறது, அனுப்பிய தலையில் கம்பி இல்லை. அதோடு அது ஆற்றையே கண்டிராத வளர்ப்பு மீனாம். நான் நாலைந்து தரம் வாசித்தேன். பயம் என்றால் சும்மா பயமில்லை, வேலை, வீட்டுக் கடன், தைமாதத்துக் கல்யாணம் எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தது.

மிஸஸ் ஹாலம் என்னைக் கூப்பிட்டு, பையைக் கட்டியது யார் என்று கேட்டாள். பொரிப்பக ஊழியர்தான் கட்டுவது வழக்கம், கையெழுத்தும் இருக்கிறது என்றேன். பாருங்கள், அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஒன்பதாம் நிபந்தனைப்படி ரத்துக் கடிதத்தை எழுதும்படி சொன்னாள். எழுதினேன். நிறைவேற்றும்போது கந்தோர் சார்பில் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றாள். அதற்கும் நானே போனேன்.

கொல்லும் வேலையைப் பெனடிக்ற்றுக்கே கொடுத்திருந்தார்கள். மனேஜர் அவனோடு கதைக்கவில்லை, ஒரு கட்டையை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். இருபத்துமூன்று மீன். ஒவ்வொன்றையும் அதே ஈரத் துவாயில் சுற்றித் தூக்கி, தலையில் ஒரே அடி. இன்னும் முட்டை எடுக்காத பெண் மீன்கள் அடிபட்டதும் தாமாகவே முட்டையைச் சிந்தின. செம்மஞ்சள் முட்டைகள் சீமெந்துத் தரையெல்லாம் உருண்டன. அவன் மிதிக்காமல் நடக்கப் பார்த்தான், முடியவில்லை. நான் பட்டியலில் ஒவ்வொரு இலக்கமாகச் சரி போட்டேன்.

பிறகு தட்டுகளில் இருந்த முட்டைகள். முப்பதாயிரத்துக்கு மேல் இருக்கும். அவன் ஒரு தட்டைத் தூக்கி எனக்குக் காட்டினான். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

"கண் வந்திட்டுது அண்ணை. உள்ளுக்கை அசையுது."

"ஊத்தும்," என்றேன்.

வெளுக்கும் மருந்து நிரம்பிய வாளிக்குள் ஊற்றினான். எல்லாம் முடிந்து கையைக் கழுவாமலே என் முன்னால் வந்து நின்றான்.

"அண்ணை, இப்ப எண்டாலும் சொல்லுங்கோ. உங்கடை சொல்லை மனேஜர் கேப்பார். எனக்கு அந்தக் கடிதம் வேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"சொன்னால் என்ரை வேலையும் போகும். ரெண்டு பேரும் றோட்டிலை நிண்டு என்ன செய்யிறது? கொஞ்சம் பொறும், வேறை இடம் பாக்கிறன்."

அவன் தலையை ஆட்டினான். நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். நான் ஓர் இடமும் பார்க்கவில்லை. டிசம்பர் பதினெட்டில் அவனுக்குக் கடிதம் வந்தது, களவுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று.

தை பிறந்து இரண்டாம் ஞாயிறு மத்தியானம். கலாவதியும் சிவமலரும் கூறைச்சேலைகளைக் கட்டில் முழுக்க விரித்து வைத்துக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து இம்மாகுலேற். நான் அவளை ஒருநாளும் கண்டதில்லை. குரல் மெல்லிசாக இருந்தது.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. அவர் மீன் களவெடுத்து வேலை போயிட்டுதாம் எண்டு ஹம்ப்டனிலை நிக்கிற பெடியன் ஒருத்தன் எங்கடை ஆக்களுக்குச் சொல்லியிருக்கிறான். இவர், தான் எடுக்கேல்லை எண்டு மாதாவிலை சத்தியம் பண்ணுறார். அப்ப ஆர் எடுத்தது எண்டு கேட்டால் வாயே திறக்கிறாரில்லை."

அவன் என் பெயரை மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

"ஒருக்கால் எனக்குப் பொய் சொன்னவர். இனி எனக்கு எது உண்மை எண்டு தெரியேல்லை. நீங்கள் படிச்ச மனுஷன், வேலை எடுத்துக் குடுத்தனீங்கள். நீங்கள் என்ன சொல்லுறியளோ அதை நம்புறன். அவர் எடுத்தவரோ?"

கட்டில் பக்கம் சத்தம் நின்றிருந்தது. கலாவதி ஒரு சேலையைப் பாதி மடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தலையைச் சட்டிக்குள் வைத்தவள் அவள்தான்.

"ஓம்," என்றேன்.

"அப்ப நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போறன். இனி எனக்குக் கோல் எடுக்க வேண்டாம் எண்டு அவருக்குச் சொல்லிவிடுவியளோ அண்ணை?" என்று கேட்டாள்.

அன்று பின்னேரமே பெனடிக்ற்றின் அறைக்குப் போய், ஒரு சொல்லும் குறையாமல் சொன்னேன்.