பல்லி பிழைக்கிற வீடு

பெருமாள்சாமி வீட்டில் முடிவெடுக்கும் உரிமை பெருமாள்சாமிக்குக் கிடையாது. அது தெற்குச் சுவரில், விளக்கு வைக்கிற மாடப்பிறைக்கு மேலே குடியிருந்த பல்லிக்குச் சொந்தம். பருத்தியை எந்த வாரம் மண்டிக்குக் கொண்டுபோவது, காளையை மாற்றுவதா வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் விளக்கு வைத்ததும் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். பல்லி சத்தம் கொடுத்தால் சம்மதம். சும்மா இருந்தால் நாளைக்கு மறுபடி கேட்பார். திசைக்கு ஒரு பலன், கிழமைக்கு ஒரு பலன் என்று பல்லிக்குப் பெரிய சாத்திரமே உண்டு. அதெல்லாம் அவருக்கு ரொம்பச் சிக்கலாகப் பட்டது.

அந்தத் தையில் மகன் வெயிலுமுத்துவுக்குக் கடம்பூரில் பெண் பார்த்தார்கள். பெயர் சீனித்தாய். காப்பி கொண்டுவந்தவள் அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “தவளையை அறுத்துத்தான் பட்டம் வாங்கினீங்களாமே?” என்று கேட்டுவிட்டுப் போனாள். விலங்கியல் படித்ததற்காக வெயிலுமுத்து முதன்முதலாகச் சந்தோஷப்பட்டான். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டான்.

“பல்லி சொல்லட்டும். சொன்ன மறுநாளே ஆள் விடுதேன்” என்றார் பெருமாள்சாமி.

பல்லி சொல்லுமுன் மலேரியாவை ஒழிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். சட்டி பானையெல்லாம் தெருவுக்கு வந்தது. வீட்டுச் சுவர் முழுக்க டி.டி.டி. மருந்தை அடித்து, நிலைக்கதவில் சாக்பீஸால் தேதியும் போட்டுவிட்டுப் போனார்கள். கொசு செத்தது. கரப்பான் மல்லாந்தது. மூட்டைப்பூச்சிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. முன்பைவிடத் தெம்பாகக் கடித்தது.

பல்லி பேச்சை நிறுத்திவிட்டது.

பெருமாள்சாமி தினமும் கேட்டுப் பார்த்தார். பதில் இல்லை. இதற்கிடையில் பெண்ணின் தகப்பனார் ராமசுப்பு சொல்லி அனுப்பினார்: கழுகுமலையிலிருந்தும் ஒரு வரன் கேட்கிறார்கள், பங்குனி உத்திரத்துக்குள் பதில் வேண்டும்.

“தெய்வத்துக்கு இஷ்டமில்ல போலிருக்கு” என்றார் பெருமாள்சாமி.

வெயிலுமுத்து குறுக்கே விழுந்தான். “ஐயா, பல்லிக்குச் சம்மதம் இல்லாம இல்ல. பல்லியே இல்ல. மருந்து பட்ட பூச்சியத் தின்னு செத்துப்போச்சு.”

“கொசுவுக்குத்தானல மருந்து அடிச்சாவ?”

“மருந்துக்கு அது தெரியுமா?”

அடுப்படியிலிருந்து அம்மா சுடலையம்மாள் குரல் கொடுத்தாள். “செத்துக் கெடந்த ரெண்டு பல்லிய நாந்தான் முறத்துல அள்ளிக் கொட்டுனேன்.”

“ஏட்டி, இத ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“எல்லாத்தையும் பல்லிட்டல்லா கேக்குதீங்க. எங்கிட்ட எப்பக் கேட்டீங்க?”

பெருமாள்சாமி இந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல், “வயசாகிச் செத்திருக்கும்” என்று முடித்துவிட்டார்.

மருந்தால்தான் செத்தது என்பதை நிரூபித்தே தீருவது என்று வெயிலுமுத்து கோவில்பட்டிக்கு பஸ் ஏறினான். அங்கே அவனோடு படித்த ஹுமாயூனுக்குப் பருத்தி மண்டி இருந்தது. மருந்து அடிக்க வந்த அன்று மண்டியின் சரக்கு வைக்கிற கிட்டங்கி பூட்டிக் கிடந்ததால், உள்ளே பல்லிகள் குடும்பம் குடும்பமாகச் சௌக்கியமாக இருந்தன.

“பருத்தி விக்க வருவாவ, வாங்க வருவாவ. பல்லி வாங்க வந்தவன் நீ ஒருத்தன்தாம்ல மாப்ளே” என்றான் ஹுமாயூன். கொழுத்த பல்லியாக ஒன்றைப் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கொடுத்தான்.

தெற்குச் சுவரில் விட்டதும் பல்லி உற்சாகமாக ஓடியது, தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு கரப்பானைப் பிடித்து விழுங்கியது. மறுநாள் அதற்கே தள்ளாட்டம் வந்தது. அதற்கடுத்த நாள் பெருமாள்சாமியின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது, எழுந்திருக்கவில்லை.

அவர் கையை உதறிவிட்டு, குனிந்து அதை விரலால் புரட்டிப் பார்த்தார்.

“ஏலே, நீ சொன்னது நெசந்தான்.”

“அப்பம் நாளைக்கே கடம்பூருக்கு ஆள்...”

“கல்யாணம் இப்ப வேண்டாம்.”

“ஏன்யா?”

“பல்லி பிழைக்காத வீட்டுல அடுத்த வீட்டுப் பிள்ளையக் கொண்டாந்து எப்பிடில வைக்க? மருந்து வீரியம் இறங்கட்டும். ரெண்டு வருசம் போவட்டும்.”

காலேஜில் மூன்று வருஷமும் வெயிலுமுத்து செய்த சோதனை எதுவும் உருப்பட்டதில்லை. உருப்பட்ட ஒரே சோதனை இப்படி ஆயிற்று.

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியை எடுத்தான். ஹுமாயூனும் சைக்கிளில் வந்து சேர்ந்தான். இருவரும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நாலு சுவரையும் மண் தெரியச் சுரண்டினார்கள். சுரண்டியதைக் கிணற்றுக்கு எட்டாத தரிசில் குழி தோண்டிப் புதைத்தார்கள். கரிசல் மண் பூசினால் வெடிக்கும் என்று வண்டியில் செம்மண் கொண்டுவந்து பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தார்கள்.

தெருவில் போன ஒருவர், “என்னய்யா, புதையலா தேடுதீங்க?” என்று கேட்டார்.

“பொண்டாட்டி தேடுதான்” என்றான் ஹுமாயூன்.

சுவர் காய்ந்ததும் கிட்டங்கியிலிருந்து இன்னொரு பல்லி வந்தது. வீட்டில் எல்லோரும் அதன் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுடலையம்மாள்கூட முறத்தில் சத்தமில்லாமல் புடைத்தாள்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ராமசுப்பு நேரிலேயே வந்து உட்கார்ந்தார். “அண்ணாச்சி, ஒங்க பல்லி இன்னுமா வாயத் திறக்கல?”

“வாயத் திறக்க வேண்டாம். உயிரோட இருந்தாப் போதும். வந்து நாளாச்சு, ஆனா நம்ம வீட்டுப் பூச்சியத் தின்னு நாங்க யாரும் இன்னும் பாக்கல. அதப் பாத்துட்டுச் சொல்லிருதேன்.”

விளக்கு வைத்தார்கள். உத்தரத்து இடுக்கிலிருந்து பல்லி வந்தது. சுவரில் ஒரு விட்டில் வந்து உட்கார்ந்தது. பல்லி பதுங்கியது, பாய்ந்தது, விழுங்கியது. விழுமோ என்று அண்ணாந்து பார்த்தபடி எல்லோரும் இருந்தார்கள். காப்பி ஆறிப்போயிற்று. பல்லி விழவில்லை. நிதானமாக மேலே ஏறி, ராமசுப்பு தலைக்கு நேராக உத்தரத்தில் நின்று, அவருடைய சலவைத் துண்டின்மேல் எச்சமிட்டது.

பெருமாள்சாமி எழுந்து கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“சீரணமும் ஆயிருக்கு! ஏட்டி சுடல, வெத்தலத் தட்ட எடு!”

“மொதல்ல ஒரு துண்டு எடுங்க தாயி” என்றார் ராமசுப்பு.