குஞ்சுக் கொட்டகையில் ஒரு சைரன்

சிவபிரகாஷுக்குக் கம்ப்யூட்டர் பட்டம் இரண்டு. ஒன்று கோவையில் வாங்கியது, இன்னொன்று கடல் தாண்டி வாங்கியது. ஸ்குரூவை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று மட்டும் இரண்டு ஊரிலும் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. நாமக்கல் பக்கத்தில் அவன் அப்பா காளிதாஸ் நடத்தும் கோழிப்பண்ணையில் இப்போது டெக்னாலஜி எல்லாம் அவன் பொறுப்பு. நான் அந்தப் பண்ணை ஆபீசில் கம்ப்யூட்டர் பார்ப்பவள், அபிநயா.

என் பட்டம் ஒன்றுதான், திருச்செங்கோட்டில் பி.எஸ்சி. அப்பா லாரி டிரைவர். ஏழாவது படிக்கும்போது வீட்டு மிக்சியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் அம்மாவிடம் அடி வாங்கினேன். அடுத்த வாரமே பூட்டி ஓட்டியும் காட்டினேன். படித்து முடித்துச் சேலத்தில் மூன்று வருஷம், யாரோ எழுதிய புரோகிராமில் தப்புத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த வேலை போனதும் இங்கே வந்தேன். வந்த மாதமே பழைய செல்போன் ஒன்றைப் பிரித்து ஒரு பெட்டி செய்தேன். குஞ்சுக் கொட்டகையில் சூடு ஏறினாலும் இறங்கினாலும் அதிலிருந்து எனக்கு மிஸ்டு கால் வரும். கோடை முழுக்க ஒழுங்காக வேலை செய்தது.

அதை விளையாட்டுச் சாமான் என்று கழற்றிப் போட்டான் அந்த மகராசன். பதிலுக்குப் பெரிய திரையும் சிவப்பு விளக்கும் சைரனும் வந்தன. சைரனைக் கொட்டகைக்கு உள்ளேயே மாட்டச் சொன்னான். திடீர்ச் சத்தம் கேட்டால் குஞ்சுகள் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சாகும், அதற்குத்தான் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் செல்லாயி அக்கா நாள் முழுக்க ரேடியோவைப் பாட விட்டுப் பழக்குகிறாள் என்று சொன்னேன். கோழிக்குக் கச்சேரியா என்று சிரித்தான். நானும் வாயை மூடிக்கொண்டேன். பட்டால்தான் இவனுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மற்ற பண்ணைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அவன் திரைக்கு முன்னால் நின்று இங்கிலீஷில் அளந்துவிட்டு, சைரனை அடித்துக் காட்டச் சொன்னான். மவுஸ் என் கையில் இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். இத்தனை பேர் முன்னால் இவன் மூக்கு உடையட்டும் என்று அமுக்கினேன்.

அரை நிமிஷம்தான் அலறியது. ஓடிப் போய்ப் பார்த்தபோது கிழக்கு மூலையில் குஞ்சுகள் முழங்கால் உயரம் குவிந்து கிடந்தன. செல்லாயி அக்கா அழுதுகொண்டே இரண்டு கையாலும் அள்ளிப் பிரித்துப் போட்டாள். அடியில் சிக்கிய நானூறு குஞ்சுகள் மூச்சு முட்டிச் செத்துப்போயின.

சைரனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அப்பாவிடம் சொன்னான் சிவபிரகாஷ். குஞ்சுகள் போய் அடையாதபடி மூலையை மறைக்கும் தகரத்தைச் செல்லாயி சரியாக வைக்கவில்லையாம், அவளை நிறுத்திவிட வேண்டுமாம். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கொட்டகையை நம்பித்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. காளிதாஸ் என்னைப் பார்த்தார்.

"சைரன்தாங்க காரணம்," என்றேன். "அமுத்துனது நானுங்க. குஞ்சு சாகும்னு தெரிஞ்சேதான் அமுத்துனேன்."

அவர் செல்லாயியை இருக்கச் சொன்னார், என்னைப் போகச் சொன்னார். மகனை ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், அதை மறைப்பானேன். அவள் செத்த குஞ்சுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சின்னவருக்குக் குஞ்சப் பத்தி ஒண்ணுந் தெரியாது சாமி," என்றாள். "உனக்குத் தெரியுமல்ல?"