முதல் மடக்கு எர்மிந்தாவுக்கு

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. என் துப்பறியும் நாவலில் மனைவியே கணவனுக்கு மாத்தேயில், அதாவது எங்கள் ஊர் இலைத்தேநீரில், விஷம் கலந்து கொடுத்துக் கொன்றுவிடுகிறாள். இருநூறு பக்கம். பைசாந்து ஊரில் எர்மிந்தா என்ற வாசகி அதைப் படித்து ஏமாந்துபோனார். திட்டிக் கடிதம் எழுதியிருந்தால் பரவாயில்லை. ஞாயிறு காலை என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் நாவல், அக்குளில் வெந்நீர் பிளாஸ்க்.

(முதலில் 'மழை பெய்துகொண்டிருந்தது' என்று தொடங்கினேன். பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

2

"தம்பி, மாத்தேய முதல்ல யாரு குடிக்கிறது?"

"ஊத்துறவங்கதான்."

"அப்ப ஒங்க கொலைகாரி பத்தாம் பக்கத்துலயே செத்துருக்கணுமே. மிச்ச நூத்தித் தொண்ணூறு பக்கம் யாரத் தேடுனீங்க?"

என் மானம் கப்பலேறியது. ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். ஊற்றுபவர் தான் குடித்த பிறகே அடுத்தவருக்கு நீட்டுவார். பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். நான் எப்படிக் கோட்டை விட்டேன்? பதினோரு வருடமாகத் தனியாகக் குடிக்கிறேன், முதல் மடக்கும் எனக்கு, கடைசி மடக்கும் எனக்கு.*

* அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

3

அவர் புருஷன் வில்மார் போன ஜூலையில், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், சமையலறை மேசையிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். அன்று ஊற்றிக் கொடுத்தது எர்மிந்தா. மூன்று மாதத்தில் என் நாவல் வந்தது.

"ஊரே படிச்சிருச்சு. இப்ப நான் நீட்டுனா ஒருத்தரும் வாங்குறதில்ல. எங்கூடப் பொறந்தவளே வயித்துவலிங்கிறா. அடுத்த பதிப்புல திருத்துங்க தம்பி. முதல்ல குடிச்சவ கொன்னிருக்க முடியாதுன்னு எழுதுங்க."

பாவமாக இருந்தது. [இங்கேயே முடித்திருந்தால் நல்ல கதை.] ஆனால் என் கெட்ட புத்தி சும்மா இருக்குமா?

"முதல்ல குடிச்சிட்டு, அப்புறமா கலந்திருந்தா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

"அதையும் யோசிச்சேன். மறுபடி தண்ணி ஊத்துறப்ப முதுகக் காட்டுனாப் போதும்."

கொன்றவளும் இதை யோசித்திருப்பாள். ஊர் தள்ளிவைத்தவளும் யோசித்திருப்பாள்.

4

பேச்சோடு பேச்சாக அவர் தான் கொண்டுவந்திருந்த குடுவையில் இலைத்தூளைக் கொட்டி வெந்நீர் ஊற்றினார். முதல் மடக்கை உறிஞ்சிக் காலி செய்தார். என் மேசை முழுக்கக் கதைத்தாள்கள். இடமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மறுபடி ஊற்றினார். முதுகு எனக்கு. பிறகு நீட்டினார்.

முடிவு ஒன்று: எனக்கும் வயிற்றுவலி என்கிறேன். அவர் பிளாஸ்க்கை மூடிக்கொண்டு போய்விடுகிறார்.

முடிவு இரண்டு: குடிக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. இருவரும் அழுகிறோம். (சீ, மலிவு.)

முடிவு மூன்று: குடிக்கிறேன், சாகிறேன். அப்படியானால் இந்த வரியை எழுதிக்கொண்டிருப்பது யா—

"ஆறிப்போகுது தம்பி. எழுதி முடிச்சிட்டீங்களா?"

இல்லை. எழுதும்வரை குடிக்க வேண்டாம் அல்லவா, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பதினோரு வருடத்தில் என் முன்னால் நீண்ட முதல் கை அது. இன்னும் கீழே இறங்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

வாசகரே, நீங்கள்தான் எல்லாவற்றையும் படித்துவிட்டீர்களே. இந்தாருங்கள், குடுவையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.